ஆர்னோலிஸ் பாஸின் கண்

கொத்தனார் ஆர்னோலிஸ் பாஸ் செத்து ஏழாம் நாள் தானத்தன்று, புத்த பன்சலையின் பெரிய சாமி அவர் வீட்டு முற்றத்தில் போதனை சொல்லிக்கொண்டிருந்தார். போனவர் கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை, கண்ணைக்கூட நமக்கு விட்டுவிட்டுத்தான் போனார், நாம் இங்கே உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் அந்தக் கண் எங்கேயோ திறந்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, வேலி ஓரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நந்திசேன வந்து நின்றான்.

கொழும்புக் கண்ணாஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். சுண்ணாம்புச் சூளைப் பக்கம் இருக்கும் தன் குடிசைக்கு அந்த வேலி ஓரமாகப் போகும் ஒழுங்கை வழியாகத்தான் போயாக வேண்டும். போகும்போது இன்னொருவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவிப் போனவன், வரும்போது தன் காலை நம்பி வந்தான். அதைக் கண்ட சனம் மொத்தமும் கழுத்தைத் திருப்பியது. பிறகு முன்வரிசையில் ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டு, போதனை முடிவில் சொல்வது போல "சாது" என்றார். உடனே முற்றம் முழுக்க "சாது, சாது" என்று எழுந்தது. சாமியைத்தான் கும்பிடுகிறார்கள் என்று நந்திசேன நினைத்தான்.

வெள்ளைச் சேலையோடு பாஸின் மனைவி எமலின் எழுந்து வந்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, தைத்த கண்ணுக்குள் பார்த்தாள். மற்றக் கண் வெந்துபோய் மூடியே கிடந்தது. பிறகு மெதுவாக, மகள் பேரை வைத்துப் புருசனைக் கூப்பிடுவது போலவே, "தம்மிகா அப்பா" என்றாள்.

நந்திசேனவுக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது.

ஆர்னோலிஸ் பாஸ் விழுந்தது பௌர்ணமிப் போயா அன்று. பன்சலை மதிலுக்குக் கூலி வாங்காமல் வேலை செய்து கொடுக்கப் போய், ஏறி நின்ற சாரம் முறிந்து, தலை கல்லில் பட்டுச் செத்துப்போனார். கண்தானச் சங்கத்துக்காரர்கள் அன்றே வந்து கண்ணை எடுத்துப் போனார்கள். நந்திசேனவுக்குக் கண் வைத்ததோ போயாவுக்கு முதல் நாள் காலையில். ஆர்னோலிஸ் பாஸ் சாரத்தில் ஏறி நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்த நேரத்தில், யாரோ ஊர் பேர் தெரியாத ஒருவரின் கண் கட்டுக்குள்ளே நந்திசேனவிடம் இருந்தது. இதைச் சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான்.

"சாப்பிட்டியா தம்பி?" என்றாள் எமலின்.

திறந்த வாய் அப்படியே நின்றது. உள்ளே கருவாடு பொரிக்கும் வாசம் வந்தது. கண் போன நாளிலிருந்து அவனை ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"இல்லக்கா" என்றான்.

ஆர்னோலிஸ் பாஸ் அவனுக்கு என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூளையில் தண்ணீர் ஊற்றும்போது சுண்ணாம்பு வெடித்து நந்திசேனவின் முகத்தில் அடித்தது. ஒரு கண் அங்கேயே போனது. மற்றதில் பால் ஊற்றியது போல வெள்ளை விழுந்தது. அதற்குப் பிறகு அவனுக்கு இருந்த ஒரே இடம் சாலிஸ் முதலாளியின் தேத்தண்ணிக் கடை பெஞ்சு. ஒருநாள் ஆர்னோலிஸ் பாஸ் "நம்ம நந்திசேனவுக்கு என் கணக்குல ஒரு தேத்தண்ணி" என்று சொல்லி, சீனிக்குப் பதில் உப்பை அள்ளிப் போட்டுக் கையில் கொடுத்தார். ஒரு வாய் குடித்து அவன் முகம் கோணினபோது கடையே சிரித்தது. சத்தத்தை வைத்து யார் யார் சிரிக்கிறார்கள் என்று அவன் எண்ணிக்கொண்டு நின்றான். அது பிடித்துப்போனதால் பாஸ் அதை ஒரு வழக்கமாக்கினார். வீட்டிலும் போய்ச் சொல்லி மனைவியையும் மகளையும் சிரிக்க வைத்தார். தினமும் சீனி கிடைக்குமா உப்பு கிடைக்குமா என்று தெரியாமலே நந்திசேன கோப்பையை வாங்குவான். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சிலநாள் வயிற்றுக்கு அது ஒன்றுதான்.

ஆகவே தானச் சோற்றை அவன் நிதானமாகச் சாப்பிட்டான். பாஸே, உன் சோறு என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி விழுங்கினான்.

அதன்பின் எமலின் அவனைத் தினமும் கூப்பிட்டாள். முதலில் பகல் சோறு, பிறகு காலையும். கொஞ்ச நாளில் பாஸின் சாய்வு நாற்காலி, இடுப்பில் பாஸ் கட்டிய கட்டம் போட்ட சாரம். பாஸ் கட்டிக்கொண்டிருந்து பாதியில் விட்ட அடுப்படிக் குசினிச் சுவரின் முன்னால் அவனை நிறுத்தி, "தம்மிகா அப்பா, பாருங்க, இந்த மழையில கரையுது, யாரும் கை வைக்கல" என்பாள். அவன் தலையை ஆட்டுவான். தெருவில் போகும்போது பெண்கள் பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்கி அவன் முன்னால் விட்டார்கள். பாஸுக்குப் பேரப்பிள்ளை முறையாம், அவர் பார்க்காமலே போய்விட்டாராம்.

சாலிஸ் கடையில்தான் நக்கல்.

"ரெண்டு கண்ணு குடுத்தாரே பாஸ், மத்தது எங்க?" என்றான் ஒருவன்.

"அது மிடில் ஈஸ்ட் போயிருச்சு, வேலைக்கு" என்றார் சாலிஸ் முதலாளி. "கெட்டிக்காரக் கண்ணு. சோம்பேறிக் கண்ணுதான் ஊர்ல நிக்குது."

"நந்திசேன, என் பொஞ்சாதியப் பாக்காத. பாஸுக்கு அவ மேல முந்தியே ஒரு கண்ணு."

எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நந்திசேனவும் சிரித்தான். சிரிக்கிறவர்களின் முகம் தெரிந்தால் சிரிப்பது சுலபமாகத்தான் இருந்தது. தேத்தண்ணியில் சீனி இருந்தது.

பாஸின் மகள் தம்மிகா மட்டும் அவனோடு ஒட்டவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். "மாமா" என்று கூப்பிடுவாளே தவிர, அப்பா என்று ஒருநாளும் அவள் வாயில் வரவில்லை. எமலின் அதற்காக அவளைத் திட்டுவாள். "ஒன்ன வளர்த்த கண்ணுடி அது."

தம்மிகாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கொழும்பில் ஆஸ்பத்திரி வேலை, சொந்த ஊர் பக்கத்தில், பெயர் லயனல். பிள்ளைகள் இரண்டும் முன்னாலேயே பேசிப் பழகியிருந்தார்கள் என்பது எமலினுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தாள். பார்க்க வருகிற நாளில் பலகாரம் அடுக்கி வாழைப்பழம் வைத்துவிட்டு, நந்திசேனவை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. அவரு பாத்துச் சொல்லட்டும். மாப்பிள்ளையப் பாக்கணும்னு அவருக்கு எவ்வளவு ஆசை."

லயனல் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு இருமல் இருமினான். நந்திசேன நாற்காலியில் நிமிர்ந்தான். கண் கட்டோடு கிடந்த நாளெல்லாம் அவன் கேட்ட இருமல் அது. அவனைத் தள்ளுவண்டியில் வைத்து அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிப்போனவன், "தலைய ஆட்டாதீங்க அண்ணே, ஆட்டினா கண்ணு உருண்டு ஓடிரும்" என்று பகிடி விட்டவன்.

லயனலும் அவனைக் கண்டுகொண்டான். முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம பதினொன்றாம் கட்டில் அண்ணே. பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு. நாந்தானே ஒங்கள உள்ள கொண்டுபோனேன், போயாவுக்கு மொத..."

"வேணாம்" என்றான் நந்திசேன.

எமலின் கையில் தேத்தண்ணித் தட்டு நின்றது.

"என்ன தம்பி?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. கண்ணுதான் சொல்லுது. இந்தப் பையனப் பாத்ததும் உள்ள குத்துது. கண்ணுக்குப் பிடிக்கல."

லயனலின் அம்மா எழுந்தாள். யாரும் பலகாரத்தைத் தொடவில்லை. லயனல் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அதில் கோபத்தைவிடப் புரியாத திகைப்புதான் கூட இருந்தது. தம்மிகா அடுப்படியில் நின்றாள். அழவில்லை.

சில நாள் கழித்து அவள் எமலினிடம் சொல்லும் சத்தம் நந்திசேனவுக்குக் கேட்டது. "அம்மா, அது அப்பா கண்ணு இல்ல. லயனல் சொல்லிட்டாரு. அப்பா விழ முதலே இந்தாளுக்குக் கண்ணு வச்சாச்சு."

நந்திசேன நாற்காலியில் இருந்தபடியே, அவசரப்படாமல், "நாம வேணாம்னு சொன்ன எடத்துக்காரன் வேற என்னக்கா சொல்லுவான்?" என்றான்.

ஓர் அறை விழுந்த சத்தம் வந்தது. எமலின் மகளை வாழ்க்கையில் அடித்தது அன்றுதான். "ஒன்னக் கட்டிக் குடுக்கலேன்னதும் அவன் ஒங்கப்பன ரெண்டாந்தரம் சாகடிக்கப் பாக்குறான். நீயும் கூட நிக்கிற" என்றாள். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்கலாமென்றால் யாருடைய கண் யாருக்கு என்று அவர்கள் சொல்வதில்லை. அது ஊருக்கே தெரியும். லயனல் அந்த வருடமே வேறு இடத்தில் கலியாணம் முடித்தான்.

இதில் நந்திசேன ஒரு தப்புப் பண்ணினான். லயனல் முகத்தில் முழிக்கப் பயந்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினான். கண்ணில் விடும் மருந்து தீர்ந்தது, வாங்கவில்லை. கண் நன்றாகத்தானே தெரிகிறது என்று இருந்துவிட்டான். பெரிய டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது அவன் தோளைத் தட்டி, சுண்ணாம்பு பட்ட கண் இது, இன்னொருவரின் தசையை எந்நேரமும் தள்ளிவிடப் பார்க்கும், சிவந்தாலோ நீர் வடிந்தாலோ வெளிச்சம் குத்தினாலோ அடுத்த பஸ்ஸில் ஏறி வா, நாளைக்கு என்று வைக்காதே என்று சொல்லியிருந்தார். சோறு ருசிப்பட ருசிப்பட அந்தச் சொல் தேய்ந்துபோனது.

ஒருநாள் காலையில் எழும்பும்போது கண்ணில் மணல் விழுந்தாற்போல இருந்தது. சூளைப் புகை என்று நினைத்தான். பகலுக்குள் நீர் வடியத் தொடங்கியது. வாசல் வெளிச்சம் ஊசியாய் ஏறியது. எதிரே இருந்த குசினிச் சுவரின் ஓரங்கள் ஈரச் சுண்ணாம்பு பூசினது போல மங்கின.

"அக்கா, கண்ணு சரியில்ல. கொழும்புக்குப் போகணும். இப்பவே போகணும்."

எமலின் வந்து அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். கன்னத்தில் வழிந்த நீரைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள்.

"தம்மிகா, இங்க வா. ஒங்கப்பா அழுறாரு."

"அழல அக்கா. இது நோய். டாக்டர் சொன்ன நோய்."

"ஒனக்குத் தெரியாது தம்பி. முப்பது வருசம் பாத்த கண்ணு எனக்கு. அவரு அழுதா இப்பிடித்தான், சத்தம் வராது, தண்ணி மட்டும் ஓடும்." மகள் பக்கம் திரும்பினாள். "நீ சொன்ன சொல்லுடி. அப்பா கண்ணு இல்லேன்னு சொன்னியே, அதுதான் கெடந்து அறுக்குது அவர. மண்டி போட்டு மன்னிப்புக் கேளு."

தம்மிகா வந்து மண்டி போட்டாள். நந்திசேனவின் சிவந்த கண்ணை மிக அருகில் பார்த்தாள். அவசரமில்லாத பார்வை.

"மன்னிச்சிருங்க அப்பா" என்றாள்.

அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நந்திசேன எமலின் பக்கம் திரும்பினான்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. ஒங்களக் கும்பிடுறேன்."

"அங்க போனா என்ன செய்வாங்க?"

"மருந்து விடுவாங்க. சரிவரலேன்னா மாத்தி வேற..." சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எமலினின் முகம் கல்லானது. "வேற வைப்பாங்க. அப்ப இத என்ன செய்வாங்க? வாளியில போடுவாங்க. எம்புருசன வாளியில போடவா ஒனக்கு இவ்வளவு நாள் சோறு போட்டேன்?" பிறகு குரல் தணிந்தாள். "பெரிய சாமிகிட்ட பிரித் ஓதித் தண்ணி வாங்கிட்டு வாரேன். போதி மரத்துக்கு வெளக்கு வைக்கிறேன். அவரு மனசு ஆறிடும்."

அவள் பன்சலைக்குப் போன நேரத்தில் நந்திசேன தானாகக் கிளம்பினான். தலையில் துவாயைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, பழையபடி வேலியைத் தடவித் தடவி, கொழும்பிலிருந்து காலி நகரத்துக்குப் போகும் காலி ரோட்டுக்கு வந்தான். வெயில் கண்ணைத் திறக்கவே விடவில்லை. பஸ் இரைச்சல்கள் வந்து வந்து போயின. எது கொழும்பு, எது காலி என்று தெரியவில்லை.

"யாராவது கொழும்பு பஸ்ஸ நிப்பாட்டி ஏத்தி விடுங்க" என்று கத்தினான்.

சாலிஸ் கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். "எங்க பாஸ் பயணம்?"

"விளையாடாதீங்கடா. கண்ணு போகுது."

"ஒரு கண்ணு வெளிநாடு போச்சு, இதுவும் கெளம்பிருச்சா?" என்றான் ஒருவன்.

"மத்தக் கண்ணத் தேடிப் போகுதோ என்னவோ" என்றார் சாலிஸ் முதலாளி. "பாவம், அழுது வேற இருக்கு. வீட்டுல சண்டை போல."

இரண்டு பேர் அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்தார்கள். பஸ்ஸில் ஏற்றத்தான் பிடிக்கிறார்கள் என்று நினைத்து அவன் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். மிதித்தது ஒழுங்கை மணல். வாசலில் வைத்து, "எமலின் அக்கா, ஒங்க வீட்டுக்காரர் ஓடப் பாத்தாரு, பிடிச்சிட்டு வந்திருக்கம்" என்று ஒப்படைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அன்றைக்கு அந்தியில் அவன் உடைந்தான். எமலினின் காலைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, பொய் சொன்னேன். இது பாஸோட கண்ணு இல்ல. அவரு விழ முதல் நாளே எனக்கு வச்சிட்டாங்க. அந்தப் பையன் சொன்னது உண்மை. சோத்துக்காக வாய மூடிக்கிட்டு இருந்தேன். பிறகு விட மனசு வரல. என்னத் திட்டுங்க, அடிங்க. ஆனா இப்ப கொழும்புக்கு அனுப்புங்க. யாரோட கண்ணோ இது. ஒங்களுக்கு இது ஒண்ணும் இல்ல."

எமலின் காலை உதறவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. நம்பிவிட்டாள் என்றே அவனுக்குத் தோன்றியது. அவன் உயிர் முழுக்கக் காதில் வந்து நின்றது.

தம்மிகாதான் பேசினாள். குரல் மெதுவாக, நோயாளி பக்கத்தில் பேசுவது போல இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா எதுவும் சொல்லத் தோணும்மா. நோவுல பேசுறாரு."

"அப்பிடியாடி?"

"பின்ன? நான் சொன்னப்ப நீங்க நம்பலயே. நான் சொன்னதையே இவரு சொன்னா உண்மையாயிருமா? அப்பாவுக்கு எம்மேல கோவம் இன்னும் ஆறல. என் வார்த்தைய எனக்கே திருப்பித் தாராரு."

எமலின் பெருமூச்சு விட்டாள். அவன் தலையைத் தடவினாள். "கொழப்பிக்காதீங்க தம்மிகா அப்பா. அவ சின்னப் பிள்ள. மன்னிச்சிருங்க." பிரித் ஓதிய தண்ணீரைச் செம்போடு எடுத்துவந்து அவன் கண்ணைக் கழுவினாள். கிணற்றுத் தண்ணீர் அது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

எமலின் விளக்கு ஏற்ற உள்ளே போனாள். நந்திசேன தம்மிகா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். அவள் ஒரு கறுப்பு நிழலாக மட்டும் தெரிந்தாள்.

"ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இது எப்பிடி ஆகும்னும் தெரியும்."

"தெரியும் மாமா. லயனல் எனக்கு எல்லாம் சொல்லித்தான் இருந்தாரு. சிவந்தா ஒரு நாளும் வைக்கக்கூடாதாம். மணிக்கொரு தரம் மருந்து விட்டா நிறையப் பேருக்குத் தெளிஞ்சிருமாம். தன் கையாலயே எத்தனையோ பேருக்கு விட்டிருக்காராம்."

"அப்ப ஒரு ஓட்டோ கூப்பிடு மகளே. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"கூப்பிட்டா அங்க லயனல்தானே நிப்பாரு." அவள் அவன் கட்டியிருந்த சாரத்தின் சுருக்கத்தை நீவிவிட்டாள், அப்பாவுக்குச் செய்வது போல. "கண்ணுக்கு அவரப் பிடிக்காதே."

அதற்குப் பிறகு வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் குசினிச் சுவர் போனது, பிறகு வாசல், பிறகு முகத்துக்கு நேரே பிடித்த தன் கை. நோவு மெல்ல அடங்கி, நீர் வடிவது நின்றது. எமலினுக்கு அன்று நிம்மதி. அழுகை ஓய்ந்துவிட்டது, மனசு ஆறிவிட்டது என்று அயலுக்கெல்லாம் சொன்னாள். பன்சலைக்குப் பூத்தட்டு கொண்டுபோனாள்.

அவனை வெளியே விரட்டுவார்கள் என்று நந்திசேன சிலநாள் பயந்துகொண்டிருந்தான். யாரும் விரட்டவில்லை. நாற்காலி அதே இடத்தில் இருந்தது. கருவாடு பொரித்தார்கள். பார்வை போன பிறகும் அது பாஸின் கண்தான், தூங்குகிறது என்றாள் எமலின். நேரத்துக்குச் சோறு வந்தது. அதைக் கொண்டுவந்து வைக்கும் பொறுப்பைத் தம்மிகா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். மகள் திருந்திவிட்டாள் என்று எமலின் சந்தோஷப்பட்டாள்.

ஒரு மாலை தம்மிகா தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து அவன் இரண்டு கையையும் பிடித்து அதில் வைத்தாள். சூடு சிந்தாமல் விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள். அவன் ஒரு வாய் குடித்தான்.

உப்பு.

கோப்பை உதட்டிலேயே நின்றது. அவன் காது தன்னையறியாமல் சிரிப்புக்காகக் காத்தது. யாரும் சிரிக்கவில்லை. அடுப்படியில் எமலின் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வந்தது.

"அவருக்குச் சீனி போதுமான்னு கேளுடி" என்றாள் எமலின் உள்ளேயிருந்து.

தம்மிகா அவன் முன்னால் குந்தினாள்.

"நல்லா இருக்கா அப்பா?"

நந்திசேன விழுங்கினான். மிச்சத்தையும் குடித்து முடித்து, கோப்பையை அவள் குரல் வந்த பக்கம் நீட்டினான்.

"நல்லா இருக்கு" என்றான்.